அண்ணன் கடைப் பெட்டி

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை தரலாம் என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிய அன்றே என் வகுப்பு நண்பர்கள் ஆளுக்கொரு பொருளைப் பிடித்துக்கொண்டு விட்டார்கள். ஒருவன் காவிரியை எடுத்துக்கொண்டான். இன்னொருவன் கருந்துளைக்குள் புகுந்துவிட்டான். கவிதை எழுதுவோர் வழக்கம்போல் நிலவைப் பங்கிட்டுக்கொண்டார்கள். எனக்கென்று மிஞ்சியது பழுதாகிப்போன ஒரு விளையாட்டுப் பெட்டிதான். அதைப் பற்றி மலரில் எழுதலாமா என்று பேராசிரியரிடம் கேட்டேன். "நடந்ததை எழுது" என்றார். நடந்ததை நடந்தபடி எழுதுவதென்றால் நான் செய்த ஒரு காரியத்தையும் எழுதியாக வேண்டும். இத்தனை நாள் தயங்கியது அதனால்தான்.

எங்கள் ஊர் முசிறி. அப்பா வாழைத்தார் ஏற்றி இறக்கும் சுமைத் தொழிலாளி. அம்மா கோரைப்பாய்த் தறிக்குப் போகிறார். அண்ணன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் புறப்பட்டபோது நான் ஐந்தாம் வகுப்பு. அவர் மாதாமாதம் அனுப்பிய பணத்தில்தான் என் நோட்டுப் புத்தகமும் செருப்பும் வந்தன. ஏழு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தவர், பேருந்து நிலையத்துக்குப் பின்னாலுள்ள சந்தில் பத்துக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். இரண்டு தொலைக்காட்சிகள், நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு சுவர் மின்விசிறி, பழைய கேம் கன்சோல் ஒன்று. கன்சோல் என்பது கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர். எங்கள் கடையில் அது 'பெட்டி'தான். பையன்கள் வந்து பந்தாட்டமும் கார்ப் பந்தயமும் ஆடிவிட்டுப் போவார்கள். ஒரு மணிக்கு 40 ரூபாய். பள்ளிச் சீருடையோடு வருகிறவனை அண்ணன் உள்ளே விடமாட்டார். "சட்டைய மாத்திட்டு வாடா" என்று விரட்டுவார். சட்டையை மாற்றிக்கொண்டு வருவதற்குள் பள்ளி விட்டிருக்கும் என்பது அவர் கணக்கு.

சென்ற ஆண்டு ஏப்ரலில், கோடை விடுமுறையை எண்ணி, புதிய பெட்டி ஒன்று வாங்கினார். விலை 45,000 ரூபாய். அதில் 30,000 அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் எடுத்த கடன். வீட்டில் அதற்குச் சூடம் காட்டினோம். அன்று மாலையே அண்ணன் ஸ்டிக்கர் கடையில் சிவப்பு எழுத்தில் வெட்டி வாங்கிவந்து, பெட்டியின் முதுகிலேயே '1 மணி ரூ.40' என்று ஒட்டினார். சுவரில் ஒட்டக் கூடாதா என்றேன். "செவுத்த எவன் பாக்கிறான்? எல்லாப் பயலும் பெட்டியத்தான் பாக்கிறான்" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாள்தோறும் காவிரிப் பாலத்தைக் கடந்து கல்லூரிக்கு வரும் நான், முதலாண்டு முதல் நாளில் "உன் அண்ணன் என்ன செய்கிறார்?" என்று வகுப்பில் கேட்கப்பட்டபோது "கம்ப்யூட்டர் தொழில்" என்று சொன்னேன். முற்றும் பொய்யென்று சொல்ல முடியாது. உண்மையென்றும் சொல்ல முடியாது. சந்துக்குள் பையன்களை உட்காரவைத்து மணிக்கணக்குப் பார்க்கும் தொழில் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்த வருமானத்தில்தான் என் பேருந்துச் செலவு நடக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

இந்த ஆண்டு காணும் பொங்கலன்று கடையில் கூட்டம் நெரிந்தது. காலை எட்டு மணிக்குப் போட்ட புதுப் பெட்டி பிற்பகல் வரை அணையவே இல்லை. மூன்று மணி அளவில் திரை இருண்டது. பொத்தானை அழுத்தினால் முன்விளக்கு ஒரு கணம் நீலமாய் எரியும், உடனே அணையும். கம்பியை மாற்றினோம், தொலைக்காட்சியை மாற்றினோம், பெட்டியை விசிறிக்கு எதிரே அரைமணி நேரம் வைத்துக் காற்று வாங்கவிட்டோம். அதே நீலம், அதே இருள்.

இயற்பியல் மாணவன் என்பதால் கடையிலிருந்த பையன்களுக்கெல்லாம் என்மேல் ஒரு நம்பிக்கை. அதற்குக் காரணம் உண்டு. கண்ட்ரோலரின் குமிழைத் தொடாமலேயே ஆட்டக்காரன் தானாக ஒருபக்கம் நடக்கத் தொடங்கினால் அதை நான்தான் சரிசெய்வேன். அந்தக் குமிழுக்கு அடியில் இருப்பது நம் ஆய்வுக்கூடத்து மின்னழுத்தமானியின் குட்டித் தம்பி. நாம் பத்துக் கம்பிகளின்மேல் ஜாக்கியை நகர்த்துகிறோம். அங்கே கரிப் பூச்சின்மேல் ஒரு மெல்லிய தகடு நகர்கிறது. தேய்ந்த இடத்தில் மின்தடை மாறும். நடுவில் நிற்கும் குமிழும் சாய்ந்திருப்பதாகப் பெட்டி நினைத்துக்கொள்ளும். துடைத்தோ அந்த உறுப்பை மாற்றியோ சமாளிக்கலாம். ஆனால் இது கண்ட்ரோலர் அல்ல, பெட்டி. திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று அண்ணன் திருப்புளியைத் தொடக்கூட விடவில்லை. "கேரண்டி இருக்குடா, ஒரு வருசம். இன்னும் மூணு மாசம் கெடக்கு" என்றார். கேரண்டி அல்ல, வாரண்டி என்று திருத்தினேன். அந்த நேரத்தில் அது தேவையில்லாத படிப்பு.

பெட்டிகள் இப்படிச் சாவது புதிதன்று. 2005 இறுதியில் வெளிவந்த எக்ஸ்பாக்ஸ் 360 என்னும் பெட்டியில் மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்தால் கதை முடிந்தது என்று பொருள். சூடேறுவதும் ஆறுவதுமாக மாறிமாறி வந்ததில், சில்லுக்குள்ளிருந்த நுண்ணிய இணைப்புகள் விரிசல் கண்டன. வெப்ப விரிவு என்று நாம் ஒரு பக்கத்தில் படித்துவிட்டுப் போகிற பாடம்தான். 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அந்தக் குறைக்கு மட்டும் உத்தரவாதத்தை 3 ஆண்டுகளாக நீட்டி, அதற்கென 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. தன் கையிலிருந்து செலவழித்துப் பழுது பார்த்தவர்களுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. உலகம் முழுதும் கூச்சல் எழுந்தால் கம்பெனி தன் அட்டையைத் திருத்தி எழுதும் என்பது இதனால் தெரிகிறது. முசிறியிலிருந்து ஒருவர் கூப்பிட்டால் என்ன ஆகும் என்பதுதான் எங்கள் கேள்வி.

மறுவாரம் அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு, பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, குணசீலம் வழிப் பேருந்தில் திருச்சிக்குப் போனார். மாலையில் பெட்டியோடு திரும்பி வந்தார். சேவை மையத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினாராம். பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடையில வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாராம். "ஆமா சார், நம்ம சொந்தக் கடை" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். வணிகப் பயன்பாட்டுக்கு உத்தரவாதம் கிடையாது. தாய்ப்பலகை மாற்ற 18,000 ரூபாய் ஆகும் என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

அன்றிரவு உத்தரவாத அட்டையைத் தேடி எடுத்தேன். எறும்பு ஊர்ந்தாற்போல் ஆங்கில எழுத்து. எங்கள் வீட்டில் அதைப் படிக்கக் கூடியவன் நான் ஒருவன்தான். எனக்கும் அகராதி வேண்டியிருந்தது. கடைக்கோ வாடகைக்கோ பயன்படுத்தினால் இந்த உத்தரவாதம் பொருந்தாது என்று ஒரு வரி உள்ளேதான் இருந்தது. எனக்கு வந்த கோபமெல்லாம் அண்ணன் மேல் பாய்ந்தது.

"ஏண்ணே கடைன்னு சொன்ன? வீட்ல வெளயாடுறதுன்னு சொல்லியிருந்தா இந்நேரம் மாத்திக் குடுத்திருப்பான்ல?"

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "திருடியா வச்சிருக்கேன்? பொழப்ப எதுக்குடா மறைக்கணும்?" என்றார். அம்மா ரசத்தை ஊற்றினார். பேச்சு அதோடு முடிந்தது.

நான் முடித்துக்கொள்ளவில்லை. இனி எழுதப்போவதுதான் நான் செய்த காரியம். அடுத்த சனிக்கிழமை, அண்ணன் பால் வாங்கப் போயிருந்த நேரத்தில், பெட்டியின் மேலிருந்த சிவப்பு எழுத்துகளை நகத்தால் கிள்ளி உரித்தேன். தேங்காயெண்ணெய் விட்டுத் துடைத்தேன். நண்பன் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பையில் பெட்டியோடு சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் வந்த ஆயிரம் ரூபாயில் அன்றைய வழிச் செலவு. கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய அறை, டோக்கன். என் முறை வந்ததும், வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்த ஆங்கில வாக்கியத்தைச் சொன்னேன். வீட்டு உபயோகம், நானும் தம்பியும் விளையாடுவது என்பது அதன் பொருள். எனக்குத் தம்பி கிடையாது.

அந்த மனிதர் பெட்டியை விளக்கு வெளிச்சத்தில் சற்றே சாய்த்தார். எழுத்து போயிருந்தது, பசை போகவில்லை. ஒன்பது மாதத் தூசியில் '1 மணி ரூ.40' என்பது வெள்ளை நிழலாக, முன்னிலும் தெளிவாகத் தெரிந்தது. பிறகு பெட்டியின் வரிசை எண்ணைத் தட்டிக் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். அண்ணன் பெயர், வந்த தேதி, சொன்ன காரணம் எல்லாம் அதில் இருந்தன. அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. "உங்க அண்ணனா?" என்று மட்டும் கேட்டார். "ஆமாம் சார்" என்றேன். அந்த அறையில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான். திரும்பும் வழியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை.

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். உரித்த பெட்டியை அவர் பார்க்காமலா இருப்பார்? அவர் ஒன்றும் சொல்லாமல் ஈரத்துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பெட்டியை அலமாரியில் வைத்தார்.

நம் கல்லூரியில் குடிமக்கள் நுகர்வோர் மன்றம் என்று ஒன்று இருப்பதை நீங்கள் அறிவீர்கள். சென்ற டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளன்று அது நடத்திய கட்டுரைப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு. ஓர் எவர்சில்வர் கிண்ணம். அதில்தான் அம்மா இப்போது உப்பு போட்டு வைத்திருக்கிறார். உப்பு எடுக்கக் கை போனபோதுதான் மன்றத்தின் நினைவே எனக்கு வந்தது. திங்களன்று மன்றப் பொறுப்பாளரான வணிகவியல் பேராசிரியை அவர்களைப் போய்ப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன், பசையை மட்டும் விட்டுவிட்டு. அவர் அலமாரியிலிருந்து என் போட்டிக் கட்டுரையையே எடுத்து, ஒரு வரியின் கீழ் விரலை வைத்தார். 'வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவர் இச்சட்டப்படி நுகர்வோர் ஆகார்' என்று என் கையெழுத்தில் இருந்தது.

"சட்டத்தில் இதற்கு அடுத்து ஒரு விளக்கம் இருக்கிறதே, அதை ஏன் எழுதாமல் விட்டாய்?" என்றார்.

எங்கிருந்தோ பார்த்து எழுதியதில் அது இல்லை, அதனால் விட்டேன். அதை எப்படிச் சொல்வது? அவரே விளக்கினார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(7). ஒருவர் தாமே உழைத்து, சுயதொழிலாகத் தம் பிழைப்பை நடத்துவதற்கென்று மட்டுமே ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது, அவரும் நுகர்வோரே. இந்த விளக்கம் பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1993இல் சேர்க்கப்பட்டது. 1995இல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரித்துரைத்தது. கோவையில் இயந்திரம் வாங்கிய நிறுவனம் அந்த வழக்கில் தோற்றுவிட்டது. பெரிய அளவில் தொழில் செய்பவர் என்பதால் அது நுகர்வோர் ஆகவில்லை. ஆனால் அதே தீர்ப்பில், ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர், லேத் இயந்திரம் வாங்கித் தானே இயக்கிப் பிழைப்பவர் நுகர்வோர், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோரே என்று சொல்லப்பட்டிருக்கிறது.

ஆட்டோவும் லேத்தும் சரி. சந்துக்குள் பந்தாட்டப் பெட்டி? "உன் அண்ணன் கடையில் வேலைக்கு எத்தனை பேர்?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒருவன், சம்பளம் இல்லாமல் என்றேன். சிரித்துவிட்டார்.

ஆனால் நான் துள்ளியபோது அவரே அடக்கவும் செய்தார். நுகர்வோர் என்று ஆனால் ஆணையத்தின் வாசலுக்குள் நுழையலாம், அவ்வளவே. உத்தரவாத அட்டையிலுள்ள விலக்கு செல்லுமா, செல்லாதா என்பது உள்ளே போய் வாதாட வேண்டிய வேறு கேள்வி. அங்கே சொல்வதற்கு நமக்கு என்ன இருக்கிறது என்று யோசிக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து அட்டையை மறுபடி பார்த்தபோது ஒன்று தோன்றியது. அந்த அட்டை முத்திரையிட்ட அட்டைப்பெட்டிக்கு உள்ளே இருந்தது. 45,000 ரூபாயைக் கொடுத்து, பில் போட்டு, வீட்டுக்கு வந்து, சூடம் காட்டி உடைத்த பிறகுதான் அந்த வரியை எவரும் படிக்க முடியும். விற்பனைக் கடையில் ஒரு வருட வாரண்டி என்று சொன்னார்களே தவிர, யாருக்கு இல்லை என்று சொல்லவில்லை. மறுநாள் இதைச் சொன்னதும், "இதை எழுது" என்றார் பேராசிரியை.

மூன்று இரவுகள் எழுதினேன். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. பொருளின் மதிப்பு 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் தாமே வாதாடலாம். குறை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். இதெல்லாம் தெரிந்துகொண்டபோது எனக்குள் ஒரு வீரமே வந்துவிட்டது. முதலில் அறிவிப்புக் கடிதம் அனுப்பிப் பார்க்கவேண்டும் என்றார்கள். கடிதத்தை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். பிரிவு எண்களையும் தீர்ப்பையும் அவர் பொறுமையாகக் கேட்டார். நான் நான்காம் பத்தியில் வைத்திருந்த 'இக்கடையே என் பிழைப்பு' என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார். "அத மொதல்ல போடு" என்றார். போட்டேன். அவர் கையெழுத்திட்டார். கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு ஒன்று, சேவை மையத்துக்கு ஒன்று, விற்ற கடைக்கு ஒன்று என விரைவு அஞ்சலில் அனுப்பினோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் கூப்பிட்டுப் புகாரைப் பதிந்தோம்.

இருபத்திரண்டாம் நாள் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. தவறு என்று அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நல்லெண்ண அடிப்படையில் கூலி இல்லாமல், பாதித் தொகைக்குத் தாய்ப்பலகையை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். 9,000 ரூபாய். இரண்டு நாளில் பதில் வேண்டுமாம்.

கூடாது என்றேன் நான். முழுவதும் இலவசமாகத் தரவேண்டியதை ஏன் பாதிக்கு வாங்கவேண்டும்? மனு தயார், நகல்கள் தயார், தேதி வாங்கி ஆணையத்தில் நானே பேசுவேன் என்றேன். வகுப்பு நண்பர்களிடம்கூட வழக்குப் போடப்போவதாகச் சொல்லியிருந்தேன். அதைச் சொல்லும்போது அண்ணன் என்ன தொழில் செய்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர்களில் இருவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பாலம் தாண்டிக் கடைக்கு விளையாட வந்தார்கள் என்பது தனிக்கதை.

அண்ணன் விரலை மடக்கி எண்ணினார். ஒரு பெட்டி நின்றால் ஒரு நாளைக்கு இவ்வளவு. குழுத் தவணை மாதம் இவ்வளவு. வழக்கு முடிய எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "மே மாசம் லீவு வருதுடா. பெட்டி அதுக்குள்ள ஓடணும்" என்றார். நான் பேசவில்லை. இரண்டு நாள் கடைப்பக்கமே போகவில்லை. என் கட்சிதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் தவணை கட்டுகிறவன் நான் அல்லன்.

பெட்டியை வாங்கிவர இம்முறை இருவரும் சேர்ந்து போனோம். அதே மனிதர்தான் இருந்தார். கம்பியைச் செருகி, நீல விளக்கு வெள்ளையாக மாறும் வரை இயக்கிக் காட்டினார். என்னை நினைவிருக்கிறதா என்பதை அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணன் பணத்தை எண்ணிக் கொடுத்து ரசீது வாங்கி, என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். மாற்றிய உறுப்புக்கு மூன்று மாத உத்தரவாதம் என்றிருந்தது. அதன் கீழ் வேறு வரி ஏதும் உண்டா என்று தாளைத் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

ஊருக்கு வந்ததும் அண்ணன் நேரே ஸ்டிக்கர் கடைக்குப் போனார். பசைத் தடம் இருந்த அதே இடத்தில் புதிய சிவப்பு எழுத்துகளை ஒட்டினார். இப்போது ஒரு மணிக்கு 45 ரூபாய். அந்த 9,000 ரூபாயை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டுமே.